அடுத்த பக்கத்தில் வந்துவிடும்

தேநீர் இடைவேளை உட்பட நான்கு மணி நேரம் விவாதித்து, கழுதையை மானாக்கினார்கள்.

மழலையர் மனநல வாரியத்தின் மூன்றாம் மாடியில் அது நடந்தது. கழுதை, திருமேனியுடையது. முப்பது வருடமாகக் குழந்தைகளுக்குக் கதை எழுதி, குழந்தைகளைத் தவிர வேறு யாராலும் அறியப்படாத மனிதர். அம்மாவையோ அப்பாவையோ பறிகொடுத்த ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் என்னவென்று சொல்ல ஒரு படப்புத்தகம் வேண்டும் என்று வாரியம் கேட்டிருந்தது. பன்னிரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தார். ஒரு கழுதைக்குட்டி. மூன்றாம் பக்கத்தில் அதன் அம்மா செத்துப்போகிறது. இனி வராது என்று நான்காம் பக்கம் சொல்கிறது. அதற்கப்புறம் குட்டி எட்டுப் பக்கம் அம்மா இல்லாமல் புல் தின்கிறது, மழையில் நனைகிறது, யாரையோ உதைக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரண்டே வாக்கியம்: 'குட்டி அழுதது. அழட்டும்.'

தலைவர் முனைவர் ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்து வரலாறு வரும் என்பது வாரியத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வரலாற்றில் முதன்முறையாக ஒரு வாரியம் குழந்தைகளின் துயரத்தைக் கையில் எடுக்கிறது. எடுத்து, அதைக் கழுதையிடமா கொடுப்பது?"

யானை என்றார் ஒருவர். யானை இறந்தால் பெரிய விஷயமாகிவிடும் என்றார் இன்னொருவர். மயில் தேசியப் பறவை, அது சாகக்கூடாது. கடைசியில் மான் என்று முடிவாயிற்று. மானை யாரும் ஆட்சேபிக்கவில்லை. மானுக்கு வாரியத்தில் ஆள் இல்லை.

அப்புறம் 'செத்துப்போனது' வந்தது. கொச்சை என்றார்கள். நெற்றி நிறைய விபூதி பூசிய உறுப்பினர் 'இறைவனடி சேர்ந்தது' என்றார். எதிரே இருந்த பகுத்தறிவாளர், மான் எந்த இறைவன் அடியைச் சேரும் என்று பெயர் விலாசத்தோடு கேட்டார். அரை மணி நேரம் கழித்து இருவரும் 'இயற்கை எய்தியது' என்பதில் கைகுலுக்கினார்கள்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு இயற்கை எய்தியதுன்னா புரியுமாங்க ஐயா?" என்றார் திருமேனி.

"புரியவில்லை என்றால் நல்லதுதானே?" என்றார் தலைவர், உண்மையிலேயே வியந்து.

இது சாதாரணப் புத்தகமாக இருந்திருந்தால் விஷயம் இத்தோடு போயிருக்கும். ஆனால் வாரியம் வாங்கியிருந்தது அதிசயப் புத்தகம். பார்க்கக் காகிதம், தொட்டாலும் காகிதம், ஆனால் காகிதம் இல்லை. அட்டைக்குள் இரண்டே தாள். திருப்பத் திருப்ப அந்த இரண்டு தாளிலேயே புதுப் படமும் புது எழுத்தும் ஊறிவரும். தாள்கள் சேரும் நடுமடிப்பில் கடுகளவு ஒரு கண். படிக்கிற முகத்தை அது பார்க்கும். முகம் வாடினால் அடுத்த பக்கத்தை அதற்கேற்றாற்போலத் தானே எழுதிக்கொள்ளும். அந்த மூளையை அடக்கி வைக்க வாரியம் விதிகள் போட வேண்டியிருந்தது.

முதல் விதி பகுத்தறிவாளருடையது: இயற்கை எய்திய மான் திரும்பி வந்ததாக எந்தப் பக்கத்திலும் காட்டக்கூடாது, அது மூடநம்பிக்கை. இரண்டாம் விதி உளவியல் நிபுணர் அம்மையாருடையது: பெரியவர்களுக்குத் துக்கத்தை அடக்கத் தெரியும், ஆகவே புத்தகத்தின் முன்னால் இரண்டு முகம் தெரிந்தால், எது அதிகம் வாடியிருக்கிறதோ அதையே குழந்தை என்று கொள்ளவேண்டும். நிபுணர் சொன்னதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மிச்சமிருந்தது 'அழட்டும்.'

"அமங்கலமாகவா முடிப்பது?" என்றார் தலைவர். "கச்சேரியைக்கூட மங்களம் பாடித்தான் முடிக்கிறோம்."

அப்போது மணி ஐந்தேகால். திருமேனிக்கு ஐந்து நாற்பதுக்குச் செங்கல்பட்டு ரயில். கழுதை போயிற்று, சாவும் போயிற்று. இந்த ஒரு சொல்லுக்காகவாவது சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"அப்படின்னா ஒண்ணு செய்யலாங்க ஐயா. குழந்தை சிரிச்சப்புறம்தான் புத்தகம் முடியணும்னு வச்சிரலாம். முடிவு தானா மங்களமாயிரும்."

அறை கைதட்டியது. அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் மாறாமல் ஏற்கப்பட்ட வாக்கியம் அது ஒன்றுதான். மூன்றாம் விதியாகப் பதிவாயிற்று. திருமேனிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் அன்று நாற்பது நிமிடம் தாமதம். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்றார்.

புத்தகம் அமோக வெற்றி. அங்கன்வாடி ஆசிரியைகள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டதாக அறிக்கை வந்தது. வாரியம் தனக்குத் தானே விழா எடுத்து, தலைவருக்கு ஆளுயர மாலையும் திருமேனிக்கு 'மழலைச் செம்மல்' பட்டமும் ஒரு பொன்னாடையும் வாரியத்தில் உறுப்பினர் பதவியும் கொடுத்தது. பொன்னாடை வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் தூசிக்குப் போர்த்தப்பட்டது. பட்டம் கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டது. விருந்தினர் வந்தால் திருமேனி தற்செயலாக அதன் கீழ் உட்காருவார்.

எட்டு மாதம் கழித்து ஜெசிந்தா கூப்பிட்டாள். புத்தகத்தின் மூளையைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர். இருபத்தாறு வயது. வாரியத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ஒரே ஆள்.

"சார், உங்க புஸ்தகம் எத்தனை பக்கம்?"

"பன்னிரண்டு. உனக்குத் தெரியாதாம்மா?"

"திருப்பூர்ல ஒரு பாப்பா பதினோராயிரத்து முந்நூத்தி ஆறாவது பக்கத்துல இருக்கா."

திருமேனி முதலில் சிரித்தார். அப்புறம் பட்டத்தின் கீழிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"கோளாறா?"

"கோளாறே இல்ல சார், அதான் பிரச்சினை. சொன்னதைத்தான் செய்யுது. சிரிப்பு வந்தாத்தான் முடியணும்னு விதி. வரலைன்னா இன்னொரு பக்கம். அதுலயும் வரலைன்னா இன்னொண்ணு. முக்காவாசிப் புள்ளைங்க இருபது முப்பது பக்கத்துல எதையாவது பாத்துச் சிரிச்சிருது, முடிஞ்சிருது. ஆனா நானூத்திப் பன்னிரண்டு புஸ்தகம் இன்னும் முடியல."

"அதுவரைக்கும் பக்கம் பக்கமா என்னதான் எழுதுது?"

"எந்த வாக்கியத்துக்கு அழுகை நிக்குதுன்னு மெஷின் தேடிப் பாத்திருக்கு. மான் திரும்பி வந்துருச்சுன்னு சொல்ல முடியாது, ஒண்ணாம் விதி. அழவும் விட முடியாது, மூணாம் விதி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து கண்டுபிடிச்சிருக்கு சார். 'அம்மா மான் அடுத்த பக்கத்தில் வந்துவிடும்.' எல்லாப் பக்கத்துலயும் அதான். மலையைத் தாண்டிருச்சு, அடுத்த பக்கத்தில் வந்துவிடும். ஆத்தைக் கடந்துருச்சு, அடுத்த பக்கத்தில் வந்துவிடும். நானூத்திப் பன்னிரண்டு புஸ்தகமும் தனித்தனியா இதே வாக்கியத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கு."

திருமேனிக்குச் சுண்டலின் ருசி எதற்கோ நாக்கில் வந்தது.

"மூணாம் விதி யாரு போட்டதுன்னு பதிவுல இருக்காம்மா?"

"இருக்கு சார்," என்றாள்.

தலைவரிடம் போனார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பதினோராயிரம் பக்கமா! ஐந்து வயதிலா! வரலாற்றில் முதன்முறையாக ஒரு மழலை..." என்று ஆரம்பித்தவர், சாதனை வாசகி என்று அந்தப் பெண்ணுக்கு விழா எடுக்கவே முடிவு செய்துவிட்டார். அதற்கு முன்னோட்டமாக ஒரு குறும்படம். "நீங்கள் இருவரும் போய் வீட்டைப் பாருங்கள். குழந்தை சிரிப்பதுபோல் சில படங்கள் எடுத்துவாருங்கள்."

"அது சிரிச்சா புத்தகம் முடிஞ்சிருமேங்க ஐயா," என்றார் திருமேனி.

"அப்படியானால் விழாவுக்கு முன் சிரிக்க வேண்டாம். புன்னகை போதும்."

படியிறங்கும்போது ஜெசிந்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரு வழி இருக்கு சார். ஒப்பந்தத்துல பதினேழாவது பக்கத்துல எழுத்தாளர் உரிமைன்னு ஒரு வரி. யாரும் படிக்கல, நீங்களும் படிக்கலைன்னு நினைக்கிறேன். உங்க கட்டைவிரலைப் பக்கத்து மேல வச்சா, எந்த விதியும் பாக்காம புஸ்தகம் உங்க மூலப்பிரதியோட கடைசிப் பக்கத்துக்குப் போய் முடிஞ்சிரும்."

"மூலப்பிரதின்னா... கழுதையா?"

"கழுதைதான். முதல்ல போட்ட படமும் உள்ளேயே இருக்கு. நான் அழிக்கல."

திருமேனி நடந்துகொண்டே கட்டைவிரலைப் பார்த்தார்.

"ஆனா ஒருதடவைதான் சார். வச்ச உடனே இங்க மணியடிக்கும். அடுத்த நிமிஷமே உங்க விரலைப் பூட்டிருவாங்க. உங்களையும் வாரியத்துலேர்ந்து தூக்கிருவாங்க."

"அப்ப நானூத்திப் பன்னிரண்டுல ஒண்ணு."

"ஒண்ணு."

"அதை முடிச்சா அந்தப் புள்ளை என்ன ஆகும்?"

"தெரியல சார். எட்டு மாசமா அடுத்த பக்கத்துல அம்மா வரும்னு உக்காந்திருக்கு. திடீர்னு இல்லைன்னா..." கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனது அன்றுதான் முதல்முறை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் திருப்பூரில் இறங்கினார்கள். பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மாரப்பன் வாசலிலேயே நின்றிருந்தான். முப்பத்தைந்து வயதுக்குள். ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட தோள். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான், மடிப்பு இன்னும் சூடாக இருப்பதுபோலத் தெரிந்தது.

"வாங்க சார், வாங்கம்மணி. வெயில்ல வந்திருக்கீங்க. நம்ம புஸ்தகத்த எழுதுனவரு இவருதானுங்களா? பாப்பா, இங்க பாரு யாரு வந்திருக்காங்கன்னு!"

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நறுமுகை. ஐந்தரை வயது. அப்பா பின்னியது என்று பார்த்தவுடன் தெரிகிற சடை, ஒன்று மேலே ஒன்று கீழே. மடியில் புத்தகம்.

திருமேனி உட்கார்ந்து சுவர்களைப் பார்த்தார். காலண்டர் இருந்தது. பனியன் கம்பெனி கொடுத்த கடிகாரம் இருந்தது. மாலை போட்ட போட்டோ இல்லை. போட்டோவே இல்லை. ஆணியில் பெண் முகம் போட்ட ஒரு அடையாள அட்டை தொங்கியது: வளர்மதி, செக்கிங் பிரிவு. அதன் கீழே மேசையில் ஒரு பழைய கைபேசி சார்ஜில் கிடந்தது.

மாரப்பன் அவர் பார்வையைக் கவனித்துவிட்டான். "அது அவுங்கம்மாவோடதுங்க. தெனமும் ஒருக்கா சார்ஜ் போட்டு வச்சிருவனுங்க. பேட்டரி போயிருமில்லீங்களா."

ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

"டெங்குக் காச்சலுங்க. அஞ்சே நாளு. பாப்பாவ அப்ப எங்க அக்கா ஊட்டுல உட்டிருந்தேன். எல்லாம் முடிஞ்சு பதினாறு கழிச்சுத்தான் கூட்டியாந்தனுங்க. அப்பறம் டீச்சரம்மா புஸ்தகம் குடுத்தாங்க பாருங்க, அன்னையிலிருந்து என்ற புள்ளை அழுததே இல்லீங்க. ஒரு சொட்டு இல்லை. அக்கம்பக்கத்துல எல்லாரும் அதிசயமாப் பேசறாங்க."

ஜெசிந்தாவின் பையில் கைபேசி அதிர்ந்தது. தலைவர். வெளிச்சம் எப்படி, சுவருக்கு நல்ல வண்ணம் அடிக்க முடியுமா, குழந்தைக்குப் பட்டுப்பாவாடை வாங்கலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"தெனமும் சோறுண்டுட்டு ஒரு மணிநேரம் ஒட்டுக்கா உக்காந்து படிப்போமுங்க," என்றான் மாரப்பன். "இப்பப் படிக்கிற நேரந்தான். பாக்கறீங்களா?"

பதில் வரும் முன்பே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். பெண் எழுந்து அவன் மடியில் சாய்ந்துகொண்டாள். புத்தகத்தை அவன்தான் பிடித்தான். பக்கத்தை அவள்தான் திருப்பினாள்.

ஈரம் காய்வதுபோல் படம் ஊறிவந்தது. பனிமூட்டம், தூரத்தில் இரண்டு கொம்பு. மாரப்பன் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடக் குரலில் படித்தான்.

"அம்மா மான்... பனிக்காட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த பக்கத்தில் வந்துவிடும்."

பெண் மானுக்குக் கொம்பு இருக்காது என்பதை எட்டு மாதமாக ஒருவரும் கவனிக்கவில்லை என்று திருமேனிக்குத் தோன்றியது. வாரியமும் கவனித்திருக்காது. பக்கம் திரும்பியது.

"அம்மா மான் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அடுத்த பக்கத்தில் வந்துவிடும்."

அவன் குரல் ஒவ்வொரு பக்கத்திலும் 'அடுத்த' என்ற இடத்தில் ஒரு படி ஏறியது. உதடு துடித்தது. ஏதோ உண்மையிலேயே வந்துவிடப்போவதுபோல் தாளின் ஓரத்தைப் பார்த்தான். திருமேனி அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பெண்ணின் முகத்துக்குத் திரும்பினார்.

அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி, அண்ணாந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதடு துடிக்கும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பினாள். சரியாக அந்த நொடியில். பால் பொங்கும் முன் அடுப்பைத் தணிக்கிற கை மாதிரி.

நாற்பது பக்கம் போனது. மாரப்பனுக்குத் திடீரென்று விருந்தாளிகள் நினைவு வந்தது. "அடடா, உங்களுக்குக் குடிக்க ஒண்ணும் குடுக்கல பாருங்க. இருங்க, முக்குக் கடைல பன்னீர் சோடா வாங்கியாறன். பாப்பா, சாருகூடப் பேசிட்டிரு."

அவன் செருப்பை மாட்டும் சத்தம் தெருவுக்குப் போய்த் தேய்ந்ததும், நறுமுகை புத்தகத்தை மூடிப் பாயில் வைத்தாள். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"நோவுதா கண்ணு?" என்றாள் ஜெசிந்தா.

"ஆமாங்க." பிறகு திருமேனியைப் பார்த்தாள். "நீங்கதான எழுதுனீங்க? அந்த மானு வராதுதானுங்க?"

திருமேனி அவள் பக்கம் குனிந்தார். "ஏன் அப்படிக் கேக்கறே?"

"மூணாவது பக்கத்துல இயற்கை எய்தியதுன்னு போட்டிருந்துச்சுங்க. அப்பா அந்தப் பக்கத்த வேகமாத் திருப்பிட்டாரு. நான் அதுக்கு என்ன அர்த்தம்னு மிஸ்ஸக் கேட்டனுங்க. செத்துப்போறதுன்னு சொன்னாங்க." நிறுத்தினாள். "எங்கம்மாவாட்டம்."

"அம்மா செத்துப்போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. அத்தை ஊட்டுல பெரியவங்கல்லாம் பேசிட்டிருந்தாங்க. நான் தூங்கறன்னு நெனச்சுட்டாங்க." ஒரு ரகசியம் சொல்கிறவள்போல முன்னால் நகர்ந்தாள். "அப்பாவுக்குத்தானுங்க தெரியாது."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அவருகிட்ட சொன்னா அழுவாருங்க. புஸ்தகம் படிச்சா அழுவமாட்டாரு. அதான் திருப்பறேன்."

ஜெசிந்தா புத்தகத்தை எடுத்து விரித்து, நடுமடிப்பிலிருந்த கடுகுக் கண்ணைப் பார்த்தாள். "சார்... எது அதிகமா வாடின முகமோ அதான் குழந்தை. ரெண்டாம் விதி. எட்டு மாசமா இது இந்தப் பாப்பாவைப் பாக்கவே இல்ல சார். அவங்க அப்பாவைப் பாத்துத்தான் எழுதியிருக்கு."

"நான் சிரிச்சு சிரிச்சுப் பாத்தனுங்க," என்றாள் நறுமுகை புகார் சொல்லும் குரலில். "சிரிச்சா முடிஞ்சிரும்னு மிஸ்ஸு சொன்னாங்க. இப்படி, இப்படியெல்லாம் சிரிச்சேன். அது என்னையப் பாக்கவே மாட்டேங்குது." பல் தெரியச் சிரித்துக் காட்டினாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எந்த விழாவிலும் திருமேனி அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நீ அழவே இல்லையா கண்ணு?"

"நான் அழுதா அப்பா அழுவாரில்லீங்களா." பாயின் பிரியை இழுத்தாள். "அவரு முடிச்சதுக்கு அப்பறமாத்தான் நானு."

முறை வைத்துக் காத்திருந்திருக்கிறாள். பதினோராயிரம் பக்கமாக.

திருமேனி தான் எழுதிய வாக்கியங்களை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தார். முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பார். அவற்றில் அதிகம் அச்சான வாக்கியம் அவர் எழுதியதே இல்லை; ஐந்து நாற்பது ரயிலுக்காக அவர் வாயிலிருந்து வந்த விதி பெற்றுப்போட்டது. அந்த அறையில் இன்னும் நாற்பது நிமிடம் உட்கார்ந்து கத்தியிருக்கலாம். தோற்றிருப்பார்தான். ஆனால் அந்த யோசனையை அவர் சொல்லியிருக்கமாட்டார்.

மாரப்பன் நான்கு சோடாப் பாட்டிலை விரலிடுக்கில் மாட்டிக்கொண்டு வந்தான். "ஜில்லுன்னு இல்லீங்க, கரண்டு போயிருச்சாமா..."

"மாரப்பன், கொஞ்சம் உக்காருங்க," என்றார் திருமேனி. "புத்தகம் இன்னும் ஒரே ஒரு பக்கம்தான் இருக்கு. அதைப் படிச்சிரலாம்."

மாரப்பன் பாட்டில்களைக் கீழே வைக்கவில்லை. "ஒரே பக்கமா? வந்துருதுங்களா?"

திருமேனி தானும் பாயில் இறங்கி உட்கார்ந்தார். முழங்கால் முறிகிற மாதிரி சத்தம் போட்டது. மாரப்பன் பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தான், பெண் மடியில் சாய்ந்தாள், புத்தகம் திறந்தது. மூடுபனியில் கொம்பு முளைத்த பெண் மான் நின்றது. திருமேனி அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

மான் கரைந்தது. காடு கரைந்தது. தாள் கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் இரண்டு நீளக் காது, அப்புறம் ஒரு தலை, ஒல்லிக் கால் நாலு.

"அய்! இதென்னங்க, கழுதை!" என்று நறுமுகை குலுங்கிச் சிரித்தாள். "மானெல்லாம் எங்கீங்க போச்சு? கழுதை வந்திருக்குது!"

நிஜச் சிரிப்பு. வாரியத்தின் மூன்றாம் விதி எட்டு மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். கடுகுக் கண் அதைப் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே அணைந்துவிட்டிருந்தது.

மாரப்பன் பழக்கத்தில் விரல் வைத்துப் படித்தான். "குட்டி அழுதது." நிறுத்தினான். 'அடுத்த பக்கத்தில்' என்று ஒரு வாக்கியம் இருக்குமென்று தேடினான். ஒரு சொல்தான் இருந்தது. "அழட்டும்."

தாளைத் திருப்பப் பார்த்தான். திரும்பியது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இன்னொருமுறை திருப்பினான். கழுதைக்குட்டி. இன்னொருமுறை. வெறுமை.

"அடுத்த பக்கமுங்க?" என்றான்.

"இல்லீங்க," என்றார் திருமேனி. "வராது. எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் சரியாச் சொல்லாம விட்டுட்டேன்."

மாரப்பனின் உதடு துடித்தது. நறுமுகையின் கை தானாகப் பக்கத்தின் மூலைக்குப் போயிற்று. திருப்பினாள். கழுதை. திருப்பினாள். வெறுமை. அதற்குமேல் அந்தக் கைக்கு வேலை இல்லை. அண்ணாந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பயந்தது நடந்துவிட்டது. நடந்தும் அவன் அங்கேயேதான் இருந்தான், மடி அப்படியேதான் இருந்தது. ஒரு நிமிடம் யோசித்தவள்போல இருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. அப்புறம் வந்தது.

வரிசை வீடுகளில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தாவின் கைபேசி நிற்காமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, திருமேனியிடம் காட்டினாள். அவருடைய விரல் பூட்டப்பட்டிருந்தது. உறுப்பினர் பதவி நீக்கம் பற்றிய கடிதம் தனியே வரும். மூலப்பிரதியில் கழுதை எப்படித் தங்கியது என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது, ஐந்து பேர் கொண்டது.

"பாக்கி நானூத்திப் பதினொண்ணு சார்," என்றாள் மெதுவாக.

அவர் தலையாட்டினார். கட்டைவிரலில் சாம்பல் நிறம் லேசாக ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்தும் போகவில்லை.

எழுந்தார்கள். பாயில் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒரே உருவமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். பன்னீர் சோடா நான்கும் திறக்கப்படாமல் வரிசையாக நின்றன. ஜெசிந்தா வாசற்படியில் திரும்பி, கையைத் தூக்கி, "அப்ப நாங்க போயிட்டு..." என்று ஆரம்பித்தாள். திருமேனி அவள் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார். இருவரும் பேசாமல் படியிறங்கினார்கள். உள்ளேயிருந்தும் யாரும் போய்வாங்க என்று சொல்லவில்லை.

தெருமுனை வரைக்கும் அழுகைச் சத்தம் கூடவே வந்தது.

"ஏன் சார் சொல்லவிடாமத் தடுத்தீங்க?"

"சாவு வீட்டுலேர்ந்து சொல்லிக்கிட்டுக் கிளம்பக் கூடாதும்மா."

"அந்த அம்மா போயி எட்டு மாசம் ஆச்சே சார்."

திருமேனி நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் முந்தானையை இழுத்துச் செருகியபடி அந்த வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா," என்றார். "இன்னைக்குத்தான்."